காது கேட்காத மாதங்களில் அம்மாவுக்காக எழுதிய இசை

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என் வலது காது செத்துப்போனது. பல் விளக்கிக்கொண்டிருந்தேன். தலைக்குள் யாரோ கதவை இழுத்துச் சாத்தியதுபோல இருந்தது. அடுத்த நிமிடம் ஓர் இரைச்சல் தொடங்கியது. தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் விசிறி ஓடுமே, அந்த மாதிரி இரைச்சல். அது இன்றுவரை நிற்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கக் குணமான ஒருவனின் சாட்சியைக் கேட்க வந்திருந்தால், நான் அந்த ஆள் இல்லை.

என் பெயர் ஜெரோம். வயது நாற்பத்துநான்கு. மாத்தளை டவுனில் வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பதினெட்டு வருடமாக நம் பங்குக் கோயிலில் கீபோர்ட் வாசிக்கிறேன். வேறொரு பைத்தியமும் எனக்கு உண்டு. சினிமாவில் பெரிய காட்சிகளுக்குப் பின்னால் வரும் ஓர்கெஸ்ட்ரா இசையை வீட்டில் இருந்தே எழுதுவேன். கீபோர்டில் ஒரு கட்டையை அமுக்கினால் கம்ப்யூட்டருக்குள் பதிந்து வைத்திருக்கும் நாற்பது வயலின்கள் ஒன்றாக வாசிக்கும். ஹெட்போனைப் போட்டுக்கொண்டால் நான் பெரிய மண்டபத்தில் நிற்பேன். கழற்றினால் பின்னறையில், துணிக் கொடிக்குக் கீழே.

என் அம்மா ரோசலின் ஆமியில் நர்ஸாக இருந்தவர். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது சேர்ந்தார். அனுராதபுரப் பக்கம் இராணுவ ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து, சார்ஜன்டாக ஓய்வு பெற்றார். அப்பா இரத்தோட்டையில் ஒரு தேயிலை ஃபெக்டரியில் கணக்கு எழுதும் கிளாக்கர். என்னை வளர்த்தது அவர்தான். அம்மா வருடத்தில் மூன்று முறை லீவில் வருவார். பள்ளிக்கூடத்தில் என்னை "ஆமிக்காரி மகன்" என்பார்கள். வவுனியாவில் இருந்த அத்தை எங்களுக்குக் கடிதம் எழுதுவதையே நிறுத்திவிட்டார். அங்கே கேம்பிலும் அம்மாவைத் தமிழச்சி என்று சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்களாம். இரண்டு பக்கமும் இடம் இல்லாத ஒருத்தியின் மகனாக நான் வளர்ந்தேன். அம்மா எதையும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கோபம் இருந்தது. உண்மையைச் சொல்லத்தானே இங்கே நிற்கிறேன்.

போன வருடம் அம்மாவின் இதயம் பலவீனமாகிவிட்டது. மாடிப்படி ஏறக்கூடாது, உப்பு கூடாது, இன்னும் எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றார்கள். அந்த நாட்களில் ஒருநாள் டீவியில் போர்வீரர்களுக்கான நினைவு விழா ஓடியது. அம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது போடு மகன்" என்றார். அன்றுதான் முடிவு செய்தேன். அம்மாவுக்கு மரியாதையாக ஒரு பெரிய இசை எழுத வேண்டும். டிரம்பெட், முரசு, நூறு பேர் பாடுகிற கோரஸ், எல்லாம் வைத்து. யூனிஃபோம் போட்ட அம்மாவின் படத்தோடு இன்டர்நெட்டில் போட வேண்டும். எத்தனை பேர் பாராட்டுவார்கள் என்றும் நினைத்தேன். அதையும் மறைக்கவில்லை.

பாதி எழுதியிருந்தபோதுதான் காது போனது.

மாத்தளை ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். சரிவரவில்லை. பிறகு கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே செவிப்பறை வழியாக உள்ளே ஊசி போடுவார்கள். ஊசி போட்ட நாட்களில் உலகம் சுற்றும். திரும்பி வரும்போது அக்குறணையில் வாகன நெரிசலில் பஸ் நிற்க, நான் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்திருக்கிறேன். டொக்டர் நல்ல மனிதர், சிங்களவர். தமிழில் பேசப் பார்ப்பார். "திரும்பி வரலாம், வராமலும் போகலாம். பொய் சொல்ல எனக்கு ஏலாது" என்றார்.

கேட்காமல் போனதுகூடப் பரவாயில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. கொஞ்சம் கேட்கத் தொடங்கியபோது, வலது காதில் ஒவ்வொரு சுரமும் அரைச் சுரம் இறங்கிக் கேட்டது. இடது காதில் சரியான சுரம், வலது காதில் பிழையான சுரம், இரண்டும் ஒரே நேரத்தில். நான் எழுதிய வயலின்கள் தகரத்தை ஆணியால் கீறுவதுபோலக் கேட்டன. என் மனைவி மெட்டில்டாவின் குரல்கூட இரண்டு பெண்கள் சண்டை பிடிப்பதுபோல இருந்தது.

குருத்தோலை ஞாயிறு பூசையில் வாசித்தேன். உங்களில் பலர் அன்று இருந்தீர்கள். பாடகர் குழு ஒரு சுருதியில் பாட, நான் வேறொரு சுருதியில் போய்க்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு அக்கா திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காணிக்கைப் பாட்டு முடியும் முன்பே கீபோர்டை மூடிவிட்டு எழுந்து போனேன். பிறகு நான் கோயிலுக்கு வரவில்லை.

நீங்கள் வீடு தேடி வந்து என் தலையில் கை வைத்துச் செபித்தீர்கள். அழுதும் செபித்தீர்கள். நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். நீங்கள் போன பிறகு உங்களையும் திட்டினேன், கடவுளையும் திட்டினேன். "உமக்காகத்தானே பதினெட்டு வருடம் வாசித்தேன்? காதையா எடுக்க வேண்டும்? காலை எடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். பதில் இல்லை. இரைச்சல் மட்டும்தான்.

ஐந்து மாதம் இப்படிப் போனது. கம்ப்யூட்டர் மேல் துணி போட்டு மூடினேன். குளிப்பதில்லை. பேசுவதில்லை. அம்மாவின் அறையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போவேன். அவர் ஒவ்வொரு வாரமும் மெலிந்துகொண்டே போனார். அந்த இசை முடியாது, அம்மா அதைக் கேட்காமலே போகப்போகிறார் என்று ஒவ்வொரு நாளும் எழுந்ததும் நினைப்பேன். அது தவிர வேறு நினைவே கிடையாது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மருந்து வாங்கப் போனேன். வாங்கவில்லை. சுது கங்கைப் பாலத்தில் போய் நின்றேன். மழைக்காலம், தண்ணீர் மண் நிறத்தில் போனது. வெகுநேரம் நின்றேன். என்ன நினைத்து நின்றேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே நின்றபடி ஒரு செபம் செய்தேன். அதைச் செபம் என்று சொல்லலாமா தெரியாது. "காது வேண்டாம். இசையும் வேண்டாம். ஏதாவது ஒன்றை என்னைக் கேட்க வையும். ஒன்றே ஒன்று. இல்லாவிட்டால் என்னால் முடியாது." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

போன் அடித்தது. நல்ல காதில் வைத்தேன். மெட்டில்டா. "என்னங்க, எங்க இருக்கீங்க? அம்மா சாப்பிட மாட்டேங்கிறாங்க. நீங்க வந்து ஊட்டினாத்தான் சாப்பிடுவாங்களாம்."

அம்மா அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. வீட்டுக்கு நடந்தேன்.

கஞ்சியை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். இரண்டு கரண்டி குடித்துவிட்டு அம்மா வாயை மூடிக்கொண்டார்.

"அஞ்சு மாசமா என் மூஞ்சியப் பாக்கிறதில்ல நீ. நான் செத்துப் போறதப் பாக்கப் பயமா?"

நான் உடைந்துபோனேன். எல்லாவற்றையும் சொன்னேன். இசையை, காதை, பாலத்தை. பாலத்தைப் பற்றிச் சொன்னபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி பார்க்கிற பிடி. சொல்லி முடிக்கும்வரை விடவில்லை.

"எனக்கா பாட்டு எழுதின?"

"பாட்டு இல்லம்மா. வார்த்தை வராது. படத்துல பின்னால வருமே, அந்த மாதிரி."

"போடு பாப்போம்."

கம்ப்யூட்டர் துணியை எடுத்து, ஸ்பீக்கரை அம்மாவின் அறைக்குள் வைத்து, எழுதியவரைக்கும் போட்டேன். முரசும் டிரம்பெட்டும் முழங்கின. அம்மா நாலு நிமிடம் கேட்டார். பிறகு கையைத் தூக்கினார். நிறுத்தினேன்.

"இது என்ன மகன்?"

"சண்டைம்மா."

"நான் எப்பப்பா சண்டைக்குப் போனேன்?"

முதல் தடவையாக அம்மா பேசத் தொடங்கினார். மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"ஆஸ்பத்திரி வாட்டுல இவ்வளவு சத்தம் இல்ல. நல்லா வலி கூடினவங்க கத்த மாட்டாங்க. மெதுவாத்தான் கூப்பிடுவாங்க. சிங்களப் புள்ளைங்க அம்மேன்னு கூப்பிடும். பிடிபட்டு, காயத்தோட கொண்டு வந்து போட்ட தமிழ்ப் புள்ளைங்க அம்மான்னு கூப்பிடும். எது கேட்டாலும் நான்தான் போவேன். ஒவ்வொரு தரமும் நீ கூப்பிடுறன்னு ஒரு நிமிஷம் நெனச்சிருவேன்." என் பக்கம் திரும்பினார். "நீயும் இங்க கூப்பிட்டிருப்ப, இல்ல?"

எட்டு வயதில் எனக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் கிடந்தேன். அப்பா ஃபெக்டரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். இரவும் பகலும் நான் யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"கூப்பிட்டேம்மா" என்றேன்.

"மன்னிச்சிரு மகன். நான் வேற புள்ளைக்குத் திரும்பிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அன்று நான் அழுதது காதுக்காக இல்லை. பாலத்தில் நின்று ஒன்றைக் கேட்க வையும் என்று மன்றாடி இரண்டு மணித்தியாலம்கூட ஆகவில்லை. அது எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. மறுநாள் காலையில் முகம் கழுவும்போதுதான் உறைத்தது. அப்படியே தரையில் முழங்காலில் விழுந்தேன்.

எழுதினதை எல்லாம் அழித்தேன். முரசு வேண்டாம், டிரம்பெட் வேண்டாம், கோரஸ் வேண்டாம். கடைசி ஊசிக்குப் பிறகு வலது காதில் கீழ்ச் சுரங்கள் மட்டும் ஓரளவு ஒழுங்காகக் கேட்கத் தொடங்கியிருந்தன. மேல் சுரங்கள் இன்னும் தகரம்தான். ஆகவே கேட்கிறதை வைத்து எழுதினேன். செல்லோ, டபிள் பேஸ் என்ற அடிக்குரல் வயலின்கள், அவ்வளவுதான். மிக மெதுவாக. பக்கத்தில் அம்மா படுத்திருப்பார். "சத்தம் கூடிப்போச்சு" என்பார். சத்தத்தைக் குறைப்பேன். "இன்னும் கூடுதலா இருக்கு" என்பார். இன்னும் குறைப்பேன். ஐந்து வாரம் எடுத்தது. அந்த ஐந்து வாரத்திலும் அவர் மோசமாகிக்கொண்டே வந்தார். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடி தூங்கினார். இன்றைக்கா நாளைக்கா என்று பயந்துகொண்டே எழுதினேன்.

முடித்த அன்று பின்னேரம் மெட்டில்டா அம்மாவைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்தாள். நான் போட்டேன். ஒன்பது நிமிட இசை. மூன்றாவது நிமிடத்தில் அம்மாவின் உதடு அசைந்தது. செபமாலை சொல்கிறார் என்று நினைத்தேன். குனிந்து இடது காதை வைத்துக் கேட்டேன்.

பெயர்கள். "சுனில். ரஞ்சித். கதிர். சின்ன பண்டா. யோகன். இன்னொரு சுனில்." வாட்டில் அம்மாவின் கையில் கிடந்து இறந்தவர்கள். ஒருவரையும் அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். செல்லோ இறங்கி, தேய்ந்து, இசை முடிந்தது. அறை அமைதியானது. அம்மா கண்ணைத் திறந்தார்.

"நிப்பாட்டாத மகன். இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."

மறுபடி முதலில் இருந்து போட்டேன்.

பதினொரு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா என் தோளில் சாய்ந்தபடி ஆண்டவரிடம் போனார். கடைசியாக அவர் சொன்னது "அம்மா" என்ற ஒரு வார்த்தை. அவர் யாரைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் "இருக்கேம்மா" என்றேன்.

அடக்கத்தின்போது அந்த இசையை நான் போடவில்லை. இன்டர்நெட்டிலும் போடவில்லை. அது அந்தப் பெயர்களுக்கு உரியது. நான் கேட்ட சுகம் எனக்கு வரவில்லை. அம்மாவும் இல்லை. காலையில் கண் விழித்ததும் துக்கம்தான் முதலில் வருகிறது. ஆனாலும் சொல்கிறேன், ஆண்டவர் என் செபத்தைக் கேட்டார். முப்பத்தாறு வருடம் என் மனதில் கல்லாகக் கிடந்த கோபத்தை ஒரே மத்தியானத்தில் எடுத்துப் போட்டார். இப்போது புதன்கிழமைகளில் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போகிறேன். பார்க்க ஆள் இல்லாதவர்கள் பக்கத்தில் உட்காருகிறேன். வேறு ஒன்றும் செய்வதில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

இங்கே இருக்கிறவர்களில், செபித்துச் செபித்துக் களைத்துப்போய், இனி யாரும் கேட்கப்போவதில்லை என்று நினைக்கிற ஒருவர் இருக்கலாம். கோபமாக இருந்தால் கோபத்தோடேயே அவரிடம் பேசுங்கள். அழகான வார்த்தை தேட வேண்டாம். ஆமென்கூடச் சொல்ல வேண்டாம். யாரிடமும் சொல்ல முடியாத அளவுக்குப் பாரமாக இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நான் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு இடது பக்கமாக உட்காருங்கள், அந்தக் காதுதான் எனக்குக் கேட்கும்.