அம்மாவின் பொறுப்பில் ஒரு பவளத் தொட்டி

1. சென்னை அலுவலகத்தில் ஒரு வாரப் பயிற்சிக்குப் போனேன். கூடத்தில், கடல்நீரில் பவளமும் மீனும் வளரும் ஐந்தடித் தொட்டியை முதன்முறையாக அம்மாவிடம் விட்டுப் போனேன்.
2. திரும்பி வந்தபோது, கண்ணாடியில் பாசி மேயும் நத்தைகள் மணலில் கவிழ்ந்து கிடந்தன.
3. இறாலைக் காணவில்லை. அதன் மீசை மட்டும் வடிகட்டியில் ஒட்டியிருந்தது.
4. பவளங்கள் எல்லாம் சுருங்கியிருந்தன. சுத்தியல் பவளத்தின் சதை ஓட்டுக்குள் போய்விட்டது.
5. மீன்களுக்கு ஒன்றுமே இல்லை. என்னைப் பார்த்ததும் சாப்பாடு கேட்டு முன்னால் வந்தன.
6. அம்மா நான் சொன்ன எல்லாவற்றையும் செய்திருந்தார்.

ஆறாவதுதான் என்னைக் குழப்பியது.

வேலையில் சேருமுன் தரும் பயிற்சி அது. எனக்கு அந்த வாரம் ஒரு சோதனை ஓட்டம். எனக்குக் கிடைத்திருந்த வேலையில் மாதத்தில் பாதி நாள் சென்னையில் இருக்க வேண்டும், மீதி நாள் கூத்தாநல்லூர் வீட்டிலிருந்தே செய்யலாம். அத்தா மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் நானும் அம்மாவும்தான். தொட்டியை அம்மாவிடம் விட்டுப் போக முடிந்தால் வேலையில் சேர்வது, முடியாவிட்டால் வேண்டாமென்று எழுதிவிடுவது என்று நினைத்திருந்தேன். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு மீன் தொட்டிக்காகவா என்று கேட்பார்கள். கல்லூரியில் கருவியியல் படித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தது இது. நம் கடலில் பவளம் எடுப்பது குற்றம். என்னிடம் இருப்பவை தொட்டியிலேயே வளர்ந்த பவளங்களிலிருந்து வெட்டிய துண்டுகள். விரல் நுனி அளவில் வந்தவை உள்ளங்கை அளவுக்கு வளரும்வரை காத்திருந்தேன். அவற்றை விற்றுவிட்டுப் போக மனம் வரவில்லை. அம்மாவோ ஆரம்பத்திலிருந்தே "நீ போ, நான் பாத்துக்குறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்குக் கொடுத்த வேலை சிறியது. வெக்கையில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறையும் அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்ற வேண்டும். மீன்களுக்கு இரண்டு வேளை உணவு. அவ்வளவுதான்.

உப்பின் அளவைப் பார்த்தேன், சரி. வெப்பம், அம்மோனியா, எல்லாம் சரி. மீனை விட்டுவிட்டு நத்தையையும் இறாலையும் பவளத்தையும் மட்டும் தாக்குவது எது என்று யோசித்தால் முதலில் வருவது செம்பு. மீனுக்கு நோய் வந்தால் தனித்தொட்டியில் வைத்துச் செம்பு கலந்த மருந்துதான் கொடுப்போம். அதற்காக வாங்கிய, செம்பு இருந்தால் நிறம் மாறும் சோதனைச் சொட்டு அலமாரியில் இருந்தது. தொட்டித் தண்ணீரைக் குப்பியில் எடுத்துச் சொட்டு விட்டேன். நிறம் மாறியது.

பம்பைக் கழற்றிப் பார்த்தேன். ஒயர்களைப் பார்த்தேன். யாராவது காசு போட்டிருப்பார்களோ என்று மணலைக் கிளறினேன். எதுவும் இல்லை. கடைசியில், தினமும் செய்ததை அப்படியே செய்து காட்டச் சொன்னேன். அம்மா சமையலறைக்குள் போய், இடுப்பில் தன் கல்யாணச் சீரில் வந்த செப்புக் குடத்தோடு வந்தார். புளி போட்டுத் தேய்த்த குடம் பளபளவென்று இருந்தது.

"வாளி எங்கம்மா?"

"அதுவா? உள்ள பூரா மஞ்சக் கறை. அதுகளும் உசுருதானே. நல்ல தண்ணியா குடுப்போம்னு முந்தின நாளே குடத்துல புடிச்சு வச்சிருவேன்."

செப்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று அவருக்கு யாராவது போனில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அவர் குடிப்பதும் அதைத்தான். ஆர்.ஓ. தண்ணீரில் தாது எதுவும் இருக்காது என்பதால், பாத்திரத்தில் இருப்பதை அது எளிதாகக் கரைத்துக்கொள்ளும். புதிதாகத் தேய்த்த குடம் என்றால் இன்னும் எளிது. நம்மை ஒன்றும் செய்யாத அளவு நத்தைக்கு விஷம். இதைச் சொன்னேன். அம்மா குடத்தை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"அப்ப நாந்தான் கொன்னேனா?"

"குடத்துலேர்ந்து வந்ததுதாம்மா. வாளியில புடிங்கன்னு சொன்னேன். ஏன்னு நான் சொல்லலியே."

அன்று மாலை அத்தா போனில் பேசியபோது அம்மாவே விஷயத்தைச் சொன்னார். அத்தா சிரித்துவிட்டார். "கல்யாணமான நாள்லேர்ந்து ஊருக்கு வர்றப்பல்லாம் எனக்கும் அந்தக் குடத்துத் தண்ணிதானே குடுக்குற. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நீங்க மீனு இனம். அதான் ஒன்னும் ஆவல" என்றார் அம்மா.

போனை வைத்த பிறகு சிரிப்பு இல்லை. இனிமேல் தொட்டிப் பக்கம் வரமாட்டேன் என்றார். அதே மூச்சில், நான் வேலையை விடக்கூடாது என்றும் சொன்னார். "ரெண்டும் எப்புடி நடக்கும்னு என்னைக் கேக்காத. நீதானே படிச்சவ."

செம்பை இழுக்கும் வடிகட்டித் துகளை ஆர்டர் செய்தேன். அது வரும்வரை வடிகட்டியில் கரியைப் போட்டு, தொட்டியில் கால்பங்கு கால்பங்காகத் தண்ணீரை மாற்றினேன். ஆர்.ஓ. இயந்திரம் நூல் போலத்தான் வடிக்கும். அது நிரப்ப நிரப்ப உப்புக் கலந்தேன். எடுத்த உப்புத் தண்ணீரைக் கொல்லைக்குக் கொண்டு போனபோது அம்மா வாசற்படியில் மறித்தார். பின்னால் ஓடும் வாய்க்காலில் ஆற்றுத் தண்ணீர் வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. "அங்குட்டு நாத்து விட்டுருக்காங்க. உப்புத் தண்ணிய விட்டா என்னத்துக்கு ஆவுறது?" என்று வாளியை வாங்கிக்கொண்டு போய்க் குளியலறையில் கொட்டினார். அடுத்த வாளிக்கும் அவரே வந்து நின்றார்.

"தொட மாட்டேன்னீங்க?"

"இது கழிவுத் தண்ணிதானே. இதத் தொடலாம்ல."

அப்படித்தான் தொட்டிப் பக்கம் திரும்பி வந்தார். மாலையில் அஸர் தொழுதுவிட்டுத் தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். துகள் வந்து சேர்ந்து, சோதனைச் சொட்டின் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. பவளங்கள் மட்டும் அசையவில்லை. மாதக் கடைசி நெருங்கியது. வேண்டாம் என்று ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து, அனுப்பாமல் வைத்திருந்தேன். அது அம்மாவுக்கும் தெரியும்.

ஒரு மாலை நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அம்மா படியேறி வந்தார். முழங்கால் வலியால் மாடிக்கே வராதவர்.

"கீழ வா. ஒன்னு முழிச்சிருக்கு."

சட்டைப் பொத்தான் அளவு மொட்டுகளாகக் கூட்டமாக வளரும் பச்சைப் பவளத்தில், ஓரத்தில் ஒன்று மட்டும் விரிந்திருந்தது. மற்றவை மூடியே இருந்தன. அம்மா கண்ணாடியில் விரல் படாமல் சுட்டிக்காட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "குடம் ஆவாது. வேற என்னெல்லாம் ஆவாது? இப்பவே சொல்லிரு. ஏன்னும் சொல்லு."

உட்கார்ந்து சொன்னேன். சோப்பு பட்ட கை, கொசு மருந்து, ஊதுபத்திப் புகை, எல்லாவற்றுக்கும் காரணத்தோடு. அவர் இடையிடையே குறுக்குக் கேள்வி கேட்டார். சிலவற்றுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. அந்தக் கடிதத்தை அழித்துவிட்டு, சேர்கிறேன் என்று எழுதினேன்.

இப்போது நிலைமை இது. மாதத்தில் பாதி நாள் சென்னையில் இருக்கிறேன். சுத்தியல் பவளத்தின் ஐந்து தலைகளில் மூன்று பிழைத்தன, இரண்டு வெறும் ஓடு. பச்சைப் பவளம் முழுதும் விரிந்துவிட்டது. புது நத்தைகள் கண்ணாடியில் மேய்கின்றன. இறால் இன்னும் வாங்கவில்லை. செப்புக் குடம் சமையலறையில் குடிதண்ணீரோடு இருக்கிறது. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவது அம்மா. அதற்கென்று சிவப்பு பிளாஸ்டிக் வாளி ஒன்றை அவரே வாங்கி வைத்திருக்கிறார். அதை வேறு யாரும் எடுக்கக்கூடாது.