முடிவை மாற்றச் சொல்ல ஆளில்லை

என்னோடு வேலை செய்யும் சீனப் பெண் லின், இன்று விம்பிள்டன் ட்ராமில் புலம்பிக்கொண்டே வந்தாள்.

அவளுடைய அண்ணன் சீனாவில் சினிமா இயக்குநர். படத்தின் முடிவு பிடிக்கவில்லை என்று இணையக் குழுக்களில் ரசிகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்களாம். தயாரிப்பாளர் பயந்துபோய், வேறு முடிவு எடுத்து ஒட்டச் சொல்லிவிட்டாராம்.

"பாவம் அண்ணன்" என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"உங்கட குறும்படத்துக்கும் கனக்க கமென்ட் வந்ததுதானே?" என்றாள்.

"ஓம். படம் அரை மணித்தியாலம். இணையத்தில போட்ட உடனயே எல்லாரும் 'வாழ்த்துக்கள்' எண்டு எழுதிப்போட்டினம். முதலாவது உம்மட."

அவள் தேநீர் போட எழுந்து போய்விட்டாள்.

நண்பர்களே, யாராவது பார்த்துவிட்டுத் திட்டுங்களேன். வாழ்த்துகிறவர்கள், கதை எப்படி முடிகிறது என்பதையும் சேர்த்து எழுதவும்.