வழியனுப்பும் பாட்டுக்கு அனுமதி இல்லை

1. கையளிப்பு

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் அலுவலகப் பலகையில் 'ஆவணங்களைச் சமூகத்திடம் திரும்பக் கையளித்தல்' என்று மூன்று மொழிகளிலும் எழுதியிருந்தது. கையளிப்பதற்கு எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. எல்லாம் வெளிநாட்டு நூதனசாலை ஒன்றின் சேர்வரில் இருந்தன. வாகரைப் பக்கத்து வேடர் கிராமங்களில் அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்கார ஆய்வாளர் எடுத்த படங்கள், டேப்பில் பதிந்த சடங்குப் பாட்டுகள். டேப்புகளை அங்கேயே எண்ணிமப்படுத்தி முடித்திருந்தார்கள். மட்டக்களப்பில் இருந்த எனக்கு வேலை, கோப்புகளுக்குத் தமிழில் மெட்டாடேட்டா எழுதுவது. படத்தில் நிற்பவர் யார், பாட்டு எந்தத் தெய்வத்துக்கு உரியது என்று கிராமத்துக்குப் போய்க் கேட்டுக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு அந்தக் கோப்பைத் திறக்க எனக்கும் அனுமதி கிடையாது.

இந்த மாதிரி வேலைக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் அந்தக் கிராமத்து மாதர் சங்கத் தலைவி தெய்வானை அக்கா அலுவலகத்துக்கு வந்தார். கூட வந்தவர் சடங்கு நடத்தும் கட்டாடியார்.

"கப்பல் தெய்வத்துப் பாட்டு உங்களிட்டக் கிடக்காம். அது எங்களுக்கு முழுசா வேணும் கா" என்றார் அக்கா.

விசயம் இதுதான். அந்தப் பாட்டுக்கு இரண்டு பாதி. முதற்பாதி கடல்வழியே கப்பலில் வரும் அந்தத் தெய்வத்தை அழைப்பது, பிற்பாதி வழியனுப்புவது. பிற்பாதி தெரிந்த ஒரே ஆள் அக்காவின் பெரியப்பா. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அவர் இறந்துபோனார். அனுப்பத் தெரியாமல் அழைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் அந்தச் சடங்கையே நிறுத்திவிட்டார்கள். டேப்பில் பாடியிருப்பவர் அதே பெரியப்பா.

முழுப்பாட்டையும் கேட்டு, நூதனசாலைக்கு இணையத்தில் அக்காவின் பெயரில் நானே விண்ணப்பித்தேன். எந்த நிறுவனம் என்று படிவம் கேட்டது. கிராமத்தின் பெயரைப் போட்டேன். பல்கலைக்கழக மின்னஞ்சல் இல்லாததால் ஏற்க முடியாது என்றும், இந்தப் பண்பாட்டில் விண்ணப்பதாரிக்குள்ள ஆய்வு ஈடுபாடு தெளிவாக இல்லை என்றும் பதில் வந்தது.

"பெரியப்பாட குரலைக் கேக்கிறதுக்கு ஆய்வு என்னத்துக்கு?" என்றார் அக்கா.

எங்கள் முகாமையாளர் கொழும்பிலிருந்து வந்தவர், இனிமையாகப் பேசுவார். "அக்கா, முழுப்பாட்டும் சென்சிட்டிவ் கன்டென்ட். ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும்தான். சமூகத்துக்கு என்று நாற்பது செக்கன் துண்டு ஒன்று வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். எல்லாம் உங்கட பண்பாட்டைப் பாதுகாக்கத்தான்."

"ஆரிட்ட இருந்து?"

முகாமையாளர் சிரித்தார். அன்றைய அறிக்கையில் 'சமூகத்துடன் ஆரோக்கியமான கலந்துரையாடல்' என்று எழுதினார்.

துண்டைப் போட்டுக் காட்டினேன். கட்டாடியார் முழுக்கக் கேட்காமலே கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். "இது கூப்பிடுற பாட்டு. இது எங்களுக்குத் தெரியும். தெரியாததை வெட்டி வைச்சிக்கிட்டு, தெரிஞ்சதைத் தாறாங்க. நல்ல தருமம்."

2. பொத்தானை அழுத்த ஓர் இளைஞர்

இந்த ஆவணங்களுக்கான இணையத்தளத்தின் அங்குரார்ப்பண விழா வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் நடந்தது. கிராமத்தவர்களை பஸ்ஸில் கூட்டிவந்து, 'சமூகப் பங்குதாரர்' என்று எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டி, கடைசி வரிசைகளில் இருத்தினோம். முன்வரிசையில் சமூகம் அல்லாத எல்லோரும் இருந்தார்கள்.

நிகழ்ச்சிநிரலில் 'இளைஞர் ஒருவர் பொத்தானை அழுத்துதல்' என்று இருந்தது. கிராமத்து இளைஞர்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். முகாமையாளர் என்னிடம் வந்தார்.

"மிஸ், உங்கட மகள் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுச் சும்மாதானே இருக்கிறா? வரச் சொல்லுங்கோ."

என் மகள் துளசியைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகப் பயப்படுபவள் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கும் டெங்கு நுளம்பு, ஏசிக் குளிர், வாவிப் பக்கக் கைப்பிடி இல்லாத படிக்கட்டு என்று மூன்று விசயத்துக்குப் பயந்தபடியேதான் அவளை வரவழைத்தேன். பாட்டுக்குப் பயப்பட வேண்டும் என்று தோன்றவில்லை. நான் விஞ்ஞானம் படித்தவள்.

பாட்டை ஒலிபெருக்கியில் போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கட்டாடியார் கடைசி வரிசையிலிருந்து எழுந்து முகாமையாளரிடம் வந்தார்.

"தம்பி, மடை வைச்சிருக்கிறியளா?" படையல் வைத்த இடம் இல்லாமல் அந்தப் பாட்டை அவர்கள் எடுப்பதில்லை.

"ஐயா, ஆரும் பாடப் போறதில்லை. இது ரெக்கோடிங்தானே."

"ரெக்கோடிங் எண்டு தெய்வத்துக்கு ஆரு சொன்ன?"

முகாமையாளர் அவர் தோளைத் தட்டி, பகல் சாப்பாடு நல்லது என்று சொல்லி, இருக்கைக்கு அனுப்பினார்.

துளசி பொத்தானை அழுத்தினாள். திரையில் பழைய படங்கள் ஓட, அந்தக் கிழவரின் குரல் மண்டபம் முழுக்க எழுந்தது. பேச்சாளர்கள் தாமதித்தால் இடைவெளி தெரியக் கூடாது என்று துண்டை லூப்பில் போட்டிருந்தார்கள். முடிந்தது, மறுபடி தொடங்கியது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கடைசி வரிசையில் பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"நிப்பாட்டுங்க! சுறுக்கா நிப்பாட்டுங்க!" என்று தெய்வானை அக்கா கத்தினார். முன்வரிசை அதை உற்சாகம் என்று நினைத்துக் கைதட்டியது.

என் மகளின் தோள்கள் ஆடத் தொடங்கின. பின்னல் அவிழ்ந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. தெண்டுக் கழியை ஊன்றித் தோணி தள்ளுவது போல இரண்டு கையாலும் எதையோ தள்ளினாள். அவளுக்குத் தோணியில் ஏறவே பயம். "துளசி!" என்று நான் பிடித்தபோது என்னைத் தூக்கி எறிந்துவிட்டாள். கோயில்களில் உரு வந்து ஆடுபவர்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது என் பிள்ளையாக இருக்கும்போது பார்ப்பது வேறு.

"ஏசியைக் கூட்டுங்கோ" என்றார் முகாமையாளர்.

3. கடவுச்சொல்

பாட்டை நிறுத்தியும் அவள் நிற்கவில்லை. விருந்தினராக வந்திருந்த டொக்டர் நாடி பிடிக்கப் பார்த்தார், கை கொடுத்தால்தானே. கட்டாடியார் மேடையேறித் தேசிக்காய் கேட்டார். ஹோட்டல் பையன்கள் மீன் பொரியலுக்கு வெட்டி வைத்த எலுமிச்சைத் துண்டுகளைத் தட்டில் கொண்டுவந்தார்கள்.

"முழுக்காய் கொண்டாங்க மக்காள்! இங்க எல்லாத்தையும் வெட்டித்தான் தருவியளா?"

முழுக்காய் வந்தது, வெற்றிலை வந்தது. அவர் துளசியின் முன்னால் வைத்து மெதுவாக ஏதோ சொன்னார். ஆட்டம் கொஞ்சம் தணிந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"புள்ள, நான் கொஞ்ச நேரம் பிடிச்சு வைப்பன். அனுப்ப ஏலா. அனுப்புற பாட்டு அவங்களிட்டக் கிடக்கு."

முகாமையாளர் நூதனசாலையின் உதவி இலக்கத்துக்கு அடித்தார். அங்கே இன்னும் விடியவில்லை. மின்னஞ்சல் போட்டார். உங்கள் வேண்டுகோளை மதிக்கிறோம், ஐந்து வேலை நாட்களில் பதில் தருவோம் என்று அந்த நிமிடமே பதில் வந்தது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. முன்வரிசையில் இருந்த கலாநிதி, சிறப்புரையாற்ற வந்தவர், ஆராய்ச்சியாளர். அவரிடம் முழு அனுமதி இருக்கிறது. ஓடிப்போய்க் கேட்டேன்.

"இருக்கு... ஆனா மிஸ், பகிரங்கமாகப் போடக் கூடாது என்று நிபந்தனை இருக்கு. தனிப்பட்ட ஆய்வுக்கு மட்டும்தான்."

"சேர், அவள் என்ட பிள்ளை!"

தெய்வானை அக்கா என் பின்னால் வந்து நின்றார். "தம்பி, இதையும் ஆய்வு எண்டே நினைச்சிப் போடுங்க. இதை விட நல்ல ஆய்வு உங்களுக்கு இனி வராது."

கலாநிதி மடிக்கணினியைத் திறந்தார். முதல் கடவுச்சொல் பிழை. இரண்டாவது சரி. ஆனால் நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிப்படுத்தப் பாலம் உள்ள படங்களைத் தெரிவு செய்க என்று சின்னச் சின்னப் படங்கள் வந்தன. மேடையில் என் மகள் மூச்சிரைக்கிறாள். இங்கே ஒரு கலாநிதி இது பாலமா, மதகா என்று யோசிக்கிறார்.

"எல்லாத்தையும் அமத்துங்க சேர்!" என்று கத்தினேன்.

கோப்பு திறந்தது. மடிக்கணினியை ஒலிபெருக்கியில் மாட்டினோம். அழைக்கும் பாதியைத் தாண்டி நேரே பிற்பாதிக்குப் போகச் சொன்னார் கட்டாடியார். அதே கிழவரின் குரல், ஆனால் இப்போது அவசரமில்லை. வந்த வழியைச் சொல்லி, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பேர் சொல்லி, போய்வரச் சொல்லும் குரல். சில வரிகள் வந்ததும் பெண்கள் கூடவே பாடினார்கள், மறந்துவிட்டோம் என்று அவர்களே நினைத்திருந்த வரிகள். தெய்வானை அக்கா அழுதபடி பாடினார். துளசியின் கைகள் ஓய்ந்தன. உட்கார்ந்தாள்.

"அம்மா, ஏன் எல்லாரும் பாக்கிறாங்க? தண்ணி தாங்க."

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் கண்டேன். கடைசி வரிசைகள் முழுவதும் போன்கள் உயர்ந்திருந்தன. சமூகப் பங்குதாரர் அட்டை மாட்டிய ஒவ்வொருவரும் பிற்பாதியைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பதிந்துகொண்டிருந்தார்கள்.

4. பிறகு

முகாமையாளரின் அறிக்கையில் 'ஆவணங்களைச் சமூகம் அணுகுவது எதிர்பார்த்ததிலும் அதிகமாக மேம்பட்டுள்ளது' என்று இருந்தது. அவர் எழுதியதில் அந்த ஒரு வரி உண்மை. நூதனசாலையோ, பதிவு செய்தவர்களிடம் போய் அவற்றை அழிக்கும்படி 'சமூகத்துக்கு மதிப்பளிக்கும் முறையில்' கேட்டுவரச் சொன்னது. போனேன். கேட்டேன். தெய்வானை அக்கா எனக்கு இறால் கறியோடு சோறு போட்டார். அழிக்கப்பட்டதாக உறுதிசெய்ய முடியவில்லை என்று எழுதி அனுப்பினேன்.

அன்று சாப்பிட்டு எழுந்து கிளம்பும்போது கட்டாடியார் சொன்னார், சடங்கை மறுபடி தொடங்கப் போகிறோம், தெய்வம் வந்த பிள்ளை முதல் சடங்கில் மடைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று. அவளை அந்தப் பாட்டின் பக்கத்திலேயே விடமாட்டேன் என்று இருந்தவள் நான்.

"மறுகாவும் வந்தா என்ன செய்யிற?" என்று கேட்டேன்.

"வரட்டும் மனே. இப்ப எங்களுக்கு அனுப்பத் தெரியும்."

ஒரு சமூகத்தின் பொருளில் நீங்கள் ஒரு துண்டைக் கூட வெளியே விடும் முன், முழுவதும் அவர்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதுகாப்பு என்று நாங்கள் பூட்டி வைத்தது அவர்களுடைய பாதுகாப்பைத்தான். நான் படித்த பாடம் இவ்வளவுதான்.

துளசி தானாகவே போக வேண்டும் என்றாள். கூட்டிப் போனேன். பாட்டை எவரும் போனில் போடவில்லை. மனப்பாடமாக, இரண்டு பாதியும், ஒரு வரி பிசகாமல் பாடினார்கள். அவள் மடைக்கு முன்னால் அமைதியாக நின்றாள். நான் மட்டும், அக்காவிடம் கேட்டு வாங்கிய பிற்பாதியை என் போனில் ஏற்றி, சார்ஜ் நிரப்பி, விரலைத் திரையில் வைத்தபடி கடைசி வரை நின்றேன்.