என்ஜினுக்குப் பூசிய பவுடர்

நான் முதன்முதலில் பார்த்த ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் சித்தியைப் பெண் பார்க்க வந்தது. அப்போது அப்பாவுக்கு ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. எஸ்டேட் கொடுத்த வீட்டில் இருந்தோம். அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடுதான் இருந்தாள். சேலத்துப் பஸ் வரும் சத்தத்துக்குக் காலையிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டிருந்த எங்கள் வாசலில், கூரையே இல்லாத ஒரு சிவப்புக் கார் உறுமிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய கார். ஓட்டி வந்தவர் மாப்பிள்ளை. பக்கத்தில் அவருடைய அம்மா, பூவும் பழமும் வைத்த தட்டை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் அவருடைய கொண்டையை முழுசாக அவிழ்த்துவிட்டிருந்தன.

மாப்பிள்ளை சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். கார் அவருடையதல்ல. எண்ணெய் ஒழுகுகிறது என்று யாரோ ஒரு பணக்காரர் ரிப்பேருக்கு விட்ட வண்டி. மாப்பிள்ளை என்ஜினின் பின்பக்கம், எண்ணெய் கசியாமல் அடைக்கும் புது சீல் போட்டிருக்கிறார். மலையேற்றிப் பார்த்தால் வேலை சுத்தமா என்று தெரிந்துவிடும், அப்படியே பெண்ணையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பி வந்திருக்கிறார்.

சித்திக்கு இது மூன்றாவது வரன். முன்பு வந்த இரண்டு பேரும் பஜ்ஜி தின்று, காப்பி குடித்து, ஊருக்குப் போய், தரகரிடம் ஒரே மாதிரி சொல்லி அனுப்பினார்கள்: நிறம் பத்தாது. இரண்டாவது தடவை அதைக் கேட்ட அன்று சித்தி சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இந்த வரனும் தட்டிப்போனால் இனி யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று சொல்லியிருந்தாள். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பவுடர். பெரிய டின்னாக வாங்கி பீரோவில் பூட்டி வைத்திருந்தாள். சித்திக்குப் பூசி முடித்ததும் கையில் மிச்சமிருப்பதை என் கன்னத்தில் தேய்ப்பாள். அதனால் எத்தனை வரன் வந்தாலும் எனக்குச் சம்மதமே.

காரைவிட்டு இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா கீழே பார்த்தார். காருக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்து, வாசலில் கறுப்பாகத் தேங்கிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, எண்ணெயா இது?"

நல்ல காரியத்துக்குப் போகும்போது எண்ணெய் எதிரே வந்தாலே ஆகாது என்பார்கள். இதுவோ கூடவே வந்திருக்கிறது. அப்பா குனிந்தார், தொட்டுக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார்: "தண்ணிதானுங்க. வாசத் தெளிச்ச ஈரம்."

மாப்பிள்ளை மண்டியிட்டு, விரலில் தொட்டு, தேய்த்து, மோந்து பார்த்து, "என்ஜின் ஆயிலுங்க" என்றார். அப்பா அவரைப் பார்த்த பார்வையில் மாப்பிள்ளைக்குரிய மரியாதை துளியும் இல்லை.

"பொண்ணப் பாக்கறதுக்கு முன்னாலயே எண்ணெய் கொட்டுது. எனக்கு மனசு செரியில்லீங்க. இன்னொரு நாளைக்கு வாறோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அந்த இன்னொரு நாள் வரவே வராது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காப்பித் தம்ளரோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மாப்பிள்ளைதான் சமாளித்தார். "இரும்மா. இது இங்க வந்து கொட்டுனதா, சேலத்துலயே ஆரம்பிச்சதான்னு பாத்துப்போடறேன்." ஒழுகல் சேலத்தில் ஆரம்பித்திருந்தால் கெட்ட சகுனம் ஒர்க்‌ஷாப்பைச் சேரும், எங்களைச் சேராது. அந்த அம்மாளுக்கும் இந்தக் கணக்கு நியாயமாகத்தான் பட்டது. பெஞ்சில் உட்கார்ந்தார். ஆனால் முடிவு தெரியும்வரை பெண் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காப்பியையும் தொடவில்லை.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பானெட்டைத் திறந்தார். சொட்டு விழுந்தது என்னவோ பின்பக்கத்தில், அவர் புது சீல் போட்ட இடத்துக்கு நேர் கீழேதான். ஆனால் என்ஜின் முழுக்க எண்ணெயாக இருந்ததால் எங்கே தொடங்கி எங்கே வழிகிறது என்று தெரியவில்லை. அப்பாவின் பழைய வேட்டியை வாங்கித் துடைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, ஊட்ல பவுடர் இருந்தா கொஞ்சம் கொண்டா சாமி."

உள்ளே ஓடி, மாப்பிள்ளை பவுடர் கேட்கிறார் என்றேன். அம்மா அப்போதுதான் சித்தியின் முகத்தைப் பூசி முடித்திருந்தாள். காற்றில் வந்தவர் முகம் கழுவிப் பூசிக்கொள்வார் போலிருக்கிறது என்று ஒரு காகிதத்தில் கொஞ்சம் கொட்டிக் கொடுத்தாள். மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்தார். "இது பத்தாது கண்ணு." நான் திரும்ப ஓடி, கேட்டதை அப்படியே ஒப்பித்தேன்.

"பவுடர் பத்தாதாமா."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். சித்தி நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். டின்னை எடுத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலேயே வாசலுக்குப் போய்விட்டாள். பெண் பார்க்கும் வீட்டில் அப்படி ஒரு காரியத்தை அதுவரை யாரும் செய்ததில்லை.

"யாருக்குங்க பத்தல?" என்றாள்.

மாப்பிள்ளை பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே, "என்ஜினுக்குங்க" என்றார். பிறகுதான் நிமிர்ந்து, கேட்டது யார் என்று பார்த்தார். துடைத்த என்ஜின்மேல் பவுடரைத் தூவி ஓடவிட்டால், எண்ணெய் கசியும் இடம் வெள்ளையில் தெரிந்துவிடும் என்று தடுமாறித் தடுமாறி விளக்கினார். சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டின்னைத் திறந்து அவளே தூவ ஆரம்பித்தாள். "போதுமுங்க" என்றார் அவர். அவள் நிறுத்தவில்லை. டின் காலியாகும்வரை கொட்டினாள்.

என்ஜினை ஓடவிட்டார்கள். வாசல் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. கொஞ்ச நேரத்தில், அழுத கண்ணிலிருந்து மை வழிகிற மாதிரி, வெள்ளைமேல் ஒரு கறுப்புக் கோடு இறங்கியது.

"மேல இருந்து வருதுங்க" என்று காட்டினாள் சித்தி.

என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் இருந்த கேஸ்கட் என்கிற ரப்பர் பட்டை பழசாகி விறைத்துப்போயிருந்தது. அங்கே கசிந்த எண்ணெய் பின்பக்கமாக இறங்கி, சீல் போட்ட இடத்தில் சொட்டியிருக்கிறது. "நான் நொம்ப நாளா கீழயே தேடிக்கிட்டிருந்தேனுங்க" என்றார் மாப்பிள்ளை வெட்கத்தோடு. பிறகு தன் அம்மாவைப் பார்த்து, இது சேலத்திலேயே கெட்டது என்று சத்தமாக அறிவித்தார்.

அந்த அம்மாள் திரும்பி உட்கார்ந்தார். கையெல்லாம் கரியும் பவுடருமாக, கழுவின முகத்தோடு நின்ற சித்தியைச் சற்று நேரம் பார்த்தார். அப்புறம், "காப்பி ஆறியிருக்குமுங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

எல்லோருக்கும் சந்தோஷம், என்னைத் தவிர. டின்னைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு பொட்டுகூட விழவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

"அடுத்த மாப்பிள்ளை வந்தா சித்தி எதைப் பூசிக்குவாங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். மூடியின் நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளை சொன்னார்: "அடுத்தவரு எதுக்கு கண்ணு வரோணும்?"

சித்தி வீட்டுக்குள் ஓடிவிட்டாள். நான் கேட்டது பவுடரைப் பற்றி. இவர் பதில் சொல்லாமல் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறார். ஒரு சின்னக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாதவர் சித்திக்குச் சரிப்பட மாட்டார் என்று அப்பாவிடம் போய்க் கண்டிப்பாகச் சொன்னேன். என்றும் இல்லாத அதிசயமாக அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. பவுடர் போனதில் அவருக்கும் வருத்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.