கறுப்புத் துணி கட்டிய வண்டி

போளூரில் எங்களுக்கு ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை. என் கணவர் கண் பரிசோதனை படித்தவர். பவர் பார்ப்பது அவர் வேலை, ஃபிரேம் பொருத்துவதும் நோட்டில் எழுதுவதும் என் வேலை. ஜவ்வாது மலையிலிருந்து கண்ணாடிக்காக இறங்கி வருகிறவர்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருவார்கள். திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக் கிடப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் ஒரு பழைய வேனை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றி, பின்பக்கம் பரிசோதனை நாற்காலி, முன்பக்கம் நான்கு பேர் உட்காரும் பெஞ்சு என்று அமைத்தார். பெஞ்சை இழுத்தால் கட்டில். மாதத்தில் மூன்று நாள் மலைமேல் ஏதாவது ஓர் ஊரில் வண்டியை நிறுத்தி, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, வருகிறவர்களுக்குக் கண் பார்ப்போம்.

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒருவருக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய்ப் பூட்டைப் பார்ப்பேன், தண்ணீர்க் கேன் மூடியைப் பார்ப்பேன், கீழே இறங்கி நாலு அடி நடந்துவிட்டு வருவேன். வண்டிக்குள் அது அவருக்குப் பெரிய தொந்தரவு. நான் எழுந்தால் வண்டி ஆடும், அவர் கையில் பிடித்திருக்கும் லென்ஸும் ஆடும்.

முதல் வருஷம் மார்கழிக் குளிரில் என் விரல் விறைத்துப்போய் ஃபிரேமின் திருகாணியைக்கூடத் திருக முடியவில்லை. அடுத்த வருஷம் லென்ஸ் வாங்க பெங்களூர் போனவர் ஒரு கேஸ் ஹீட்டரோடு வந்தார். ஐந்து கிலோ சிலிண்டரின் தலையில் மாட்டுவது. பற்றவைத்தால் அதன் வட்டத் தகடு மெல்ல மெல்லச் சிவந்து கனலும். அட்டைப் பெட்டியில் ஒரு கூடாரத்தின் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு கிழித்திருந்தது.

"இது இன்னாங்க, உள்ள வெக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே?" என்றேன்.

"அது துணிக் கூடாரத்துக்கு. துணின்னா பத்திக்கும். நம்ம வண்டி தகரம்."

அவரை அலட்சியக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் வாயில் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். எவர்சில்வர் தாம்பாளத்தின் மேல்தான் வைப்பார். கைக்கெட்டும் தூரத்தில் துணி எதுவும் இருக்கக் கூடாது என்பார். தீயணைப்பு உருளை ஒன்றும் வாங்கி மாட்டியிருந்தார். தீயையும் கேஸ் நாற்றத்தையும் நினைத்துத்தான் நாங்கள் பயந்தோம். அந்த இரண்டும் கடைசிவரை எங்களை ஒன்றும் செய்யவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு தடவை, மலைமேல் ஒரு ரேஷன் கடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். முதல் இரண்டு நாளும் வெயில் அடித்தது. கதவு திறந்தே கிடந்தது, ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள், ஹீட்டரைக் காலையில் கொஞ்ச நேரம்தான் எரித்தோம். மூன்றாம் நாள் விடியும்போதே தூறல். பனியும் சேர்ந்துகொண்டு எதிரில் இருந்த புளியமரம்கூடத் தெரியவில்லை. கூரையில் இருக்கும் சின்னக் காற்றுத் திறப்பு ஒழுகியதால் அதில் ஒரு கோணிப்பையைச் செருகினார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க இருட்டு வேண்டும் என்பதால் ஜன்னல்களில் எப்போதும் கறுப்புத் துணி கட்டுவோம். அன்றைக்கு மழைக்காக ஜன்னல் கண்ணாடிகளையும் ஏற்றி, கதவையும் சாத்தினார். வெளியே நிற்க முடியாததால் காத்திருந்தவர்களும் உள்ளேயே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

காலை எட்டு மணிக்கு ஹீட்டரைப் பற்றவைத்தார். எனக்கு ஏனோ நிலைகொள்ளவில்லை. எழுந்துபோய் ஹீட்டரின் குமிழைத் திருகிக் குறைத்தேன். அவர் கூட்டினார். கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன். சாரல் லென்ஸ் பெட்டியில் அடித்தது. மூன்றாவது தடவை எழுந்தபோது, ஆட்கள் முன்னாலேயே சொன்னார்:

"ஒரு எடத்துல ஒக்காரவே மாட்டியா நீ? ஒன்னால எனக்குப் பவரு தப்பாப் போவுது."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. இனி இவர் கூப்பிடாமல் எழுவதில்லை என்று மனசுக்குள் சபதம்போல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் தலை கனத்தது. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல வலி. கோபத்தில் வந்த வலி என்றே நினைத்தேன். கால் இரண்டும் எழுந்து போ, எழுந்து போ என்று துறுதுறுத்தன. அசையாமல் இருந்தேன். என் வாழ்நாளில் நான் அப்படி அடங்கி உட்கார்ந்திருந்த காலைப்பொழுது அது ஒன்றுதான்.

பதினொரு மணிக்குள் ஒன்பது பேருக்குப் பார்த்தாகிவிட்டது. அவர்களில் ஒரு வயதானவர் மட்டும் இன்னும் போகவில்லை. மழை விடட்டும் என்று பெஞ்சின் ஓரத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பத்தாவதாக நாற்காலியில் உட்கார்ந்தது நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண். சொந்த நிலத்தில் சாமை போடுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கிட்டத்தில் பார்வை எப்படி என்று பார்க்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். தட்டில் சாமையைக் கொட்டி, அதில் பொடிக்கல் கலந்து, பொறுக்கச் சொல்வேன். அவருக்கும் தட்டை நீட்டினேன்.

"கல்லே தெர்லீங்க. ஒண்ணு ரெண்டாத் தெரியுது" என்றார்.

என் கணவர் லென்ஸை மாற்றினார். திரும்பவும் மாற்றினார். எதைப் போட்டாலும் அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினார். அன்று காலையிலிருந்தே எல்லோருக்கும் பவர் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. என் கணவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நல்லா பாருங்கம்மா" என்று எரிந்து விழுந்தார். சாதாரணமாக அவர் யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார்.

அந்தப் பெண் எழுந்துவிட்டார். "ஊட்டுல நேத்துகூடப் பொறுக்கனேன். கொஞ்சம் மங்கல், அவ்ளோதான். இங்க வந்து குந்துன பெறகுதான் இப்டி சுத்துது" என்று சொல்லி, தட்டை எடுத்துக்கொண்டு, கதவைத் தள்ளித் திறந்து வெளியே இறங்கிப் போனார். தட்டு எங்களுடையது. அதை வாங்க நானும் பின்னால் எழுந்தேன். படியில் முழங்கால் மடங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

வெளியே குளிர்காற்று முகத்தில் அடித்தது. குடித்த டீ முழுதும் வாந்தியாக வந்தது. அந்தப் பெண் ரேஷன் கடை வராண்டாவில் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, தட்டைக் கைக்கு எட்டத் தள்ளி வைத்து ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தரையில் போட ஆரம்பித்தார்.

"பாருங்கக்கா. இப்பத் தெரியுது. கண்ணுல கோளாறு இல்ல. ஒங்க வண்டியிலதான் இன்னாவோ இருக்குது."

எனக்கு அந்தக் கணத்தில் எல்லாம் புரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். பெட்டியில் இருந்த கூடாரப் படமும் சிவப்புக் கோடும் மட்டும் நினைவுக்கு வந்தன. திரும்பி ஓடினேன். உள்ளே என் கணவர் காலி நாற்காலிக்கு எதிரில் லென்ஸைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஹீட்டர் சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

"எறங்குங்க, வெளிய வாங்க."

"இந்த ஒண்ணு முடிச்சிட்டு வர்றேன்" என்றார். வார்த்தை குழறியது. எழ முயன்றவர் அப்படியே சரிந்தார்.

குமிழைத் திருகி அணைத்தேன். கறுப்புத் துணிகளைப் பிய்த்து எறிந்தேன். என் சத்தம் கேட்டு ரேஷன் கடைப் பக்கம் இருந்த இரண்டு பேர் ஓடிவந்து அவரைத் தூக்கினார்கள். பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்த இரண்டு பெண்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு தாங்களே இறங்கினார்கள். அப்புறம்தான் போர்வைக்காரர் நினைவுக்கு வந்தார். தோளைத் தட்டினேன். கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டினேன். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. தூங்குகிறார் என்றுதானே ஒரு மணி நேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வராண்டாவில் கிடத்திய பிறகு மூச்சு வருவது தெரிந்தது. வேறு அசைவே இல்லை.

போனில் சிக்னல் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிய பெண்ணின் தம்பி குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வைத்திருந்தார். பின்னால் தார்ப்பாயை விரித்து என் கணவரையும் பெரியவரையும் படுக்கவைத்து, அந்த மழையில் மலைமேல் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சேதி கேட்டு ஓடிவந்த பெரியவரின் மகளும் ஏறிக்கொண்டார். வழியெல்லாம் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். நான் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் தலையைத் திருப்பித் திருப்பி, இன்னும் எத்தனை வளைவு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வண்டிக்குள்ள எதை எரிச்சீங்க?" சொன்னதும் தலையை அசைத்தார். அடைத்த இடத்தில் கேஸ் எரிந்தால் காற்று தீரத் தீர ஒரு விஷவாயு உண்டாகுமாம். கார்பன் மோனாக்சைடு. சிலிண்டர் கேஸுக்காவது கசிந்தால் தெரியட்டும் என்று நாற்றம் சேர்த்திருக்கிறார்கள். இதற்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், அப்புறம் தூக்கம். "தூங்கிட்டாங்கன்னா எழுப்புறதுக்கு ஆள் இல்லாமப் போயிடும்" என்றார். எனக்கும் ஒரு மாஸ்க்கை மாட்டி உட்காரவைத்தார்.

சாயங்காலம் பெரியவர் கண் விழித்து, தன் போர்வை எங்கே என்று கேட்டார். அவர் மகள் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"எங்கப்பன சாவடிச்சிருப்பீங்க. கண்ணு பாக்க வந்தீங்களா, கொல்ல வந்தீங்களா?"

தப்பு எங்களுடையதுதான் என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

போளூருக்கு வந்த பிறகு என் கணவர் ஒரு வாரம் கடைக்கு வரவில்லை. ஹீட்டரைத் தூக்கிப் போடு, வண்டியை விற்றுவிடலாம் என்றார். எனக்கு உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அன்று காலை பார்த்த ஒன்பது பேருடைய பவரும் நோட்டில் இருக்கிறது. அவர்கள் பார்த்ததும் சரியில்லை, இவர் பார்த்ததும் சரியில்லை. ஐந்து பேர் அங்கேயே ரெடிமேட் கண்ணாடி வாங்கிப் போயிருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு அரிவாள் பிடிப்பார்கள், பாறையில் இறங்குவார்கள். திரும்பப் போய் எல்லோருக்கும் மறுபடி பார்க்கவேண்டும் என்று அவரிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க போறது?" என்றார்.

"இருக்கற மூஞ்சிய வெச்சிக்கினுதான். நீங்க வரலன்னா நான் பஸ்ல போறேன்."

அதற்கப்புறம்தான் எழுந்தார். முதலில் எங்கள் கேஸ் அடுப்பைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கிடம் ஹீட்டரை எடுத்துப்போய்க் காட்டினார். அவர் சிலிண்டரைத் தொடக்கூட இல்லை. "சார், இது தெறந்தவெளிக்குச் செஞ்சது. ஜன்னலத் தெறந்து வெச்சாலும் உள்ள கொளுத்தாதீங்க. உள்ள வெக்கறதுக்குன்னே வேற வருது, காத்து கொறஞ்சா தானா அணைஞ்சிடும். அதுக்கும் மேல ஒரு தெறப்பு, கீழ ஒரு தெறப்பு வேணும். அது எரியும்போது கண்ண மூடக் கூடாது" என்றார். இவர் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

கோணி செருகிய இடத்தில் மழை ஒழுகாத மூடி போட்ட காற்றுத் திறப்பு வந்தது. கதவுக்குக் கீழே கம்பி வலை வைத்து இன்னொன்று. அந்த விஷவாயு வந்தால் கத்தும் பேட்டரிப் பெட்டி ஒன்றைத் தபாலில் வரவழைத்துக் கட்டில் மட்டத்தில் மாட்டினார். இத்தனை செய்த பிறகும் உள்ளே வைக்க வேறு ஹீட்டர் வாங்க இருவருக்கும் மனசு வரவில்லை. இரண்டு கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும் என்றுவிட்டோம். பழைய ஹீட்டர் வண்டிக்கு வெளியே, நாலு பக்கமும் திறந்த தார்ப்பாய்க்கு அடியில், காத்திருப்பவர்களுக்காக மட்டும் எரிகிறது.

மூன்றாவது வாரம் போனோம். சாமைக்காரப் பெண்தான் வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டிவந்தார். சிலர் சிரித்தார்கள். சிலர் வண்டிக்குள் ஏற மறுத்தார்கள். பெரியவர், "எனக்கு இங்கியே பாரு" என்று வராண்டாவில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு எட்டத்தில் எழுத்தட்டையை மாட்டி, வெளிச்சத்திலேயே முடிந்தவரை பார்த்தார் என் கணவர். அவர் மகள் தூரத்தில் நின்றார். கடைசிவரை பக்கத்தில் வரவில்லை, போகச் சொல்லவும் இல்லை. அன்றைக்கு எட்டுப் பேர் வந்தார்கள். நான்கு பேருக்குப் பவர் முழுசாக வேறாக இருந்தது. புதுக் கண்ணாடி கொடுத்துப் பழையதை வாங்கிக்கொண்டோம்.

ஒன்பதாவது ஆள் வரவில்லை. வேறு குக்கிராமத்திலிருந்து நடந்து வந்தவர். நோட்டில் எழுதியிருக்கும் போன் நம்பர் போகவில்லை. ரெடிமேட் கண்ணாடி வாங்கியவர்களில் அவரும் ஒருவர். அடுத்தடுத்த மாதங்களில் மூன்று ஊர்களில் விசாரித்தேன். வேலைக்குக் கர்நாடகா பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போய்ட்டாரு, எப்ப வருவாருன்னு தெரியாது என்றார் ஒருவர். எந்தத் தோட்டம் என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. விசாரிக்க இன்னும் இரண்டு ஊர்கள் பாக்கி இருக்கின்றன. எந்த ஊரிலும் வண்டி நிற்குமுன்பே நான் அவரைக் கேட்டு இறங்கிவிடுகிறேன்.