நடுச்சுவரும் நான்கு ஸ்பிரிங் கால்களும்

நகரசபைக்கு நான் எழுதிக் கொடுத்த புகார் மனுவில் ஒரு பொய் இருந்தது. தெரிந்தே எழுதிய பொய். பக்கத்து வீட்டு அம்மா மாவு அரைக்கும் கிரைண்டரின் அதிர்வால் என் வீட்டுச் சுவர் விரிசல் விட்டுவிட்டது என்று எழுதினேன். அந்த விரிசல் நான் குடிவருவதற்கு முன்பே இருந்தது. அவர் கிரைண்டர் வாங்குவதற்கும் முன்பே இருந்தது.

நந்திதுர்க்கில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி இறந்த பிறகு தொழிற்சாலைக் குடியிருப்பின் பக்கமே இருக்கப் பிடிக்காமல் இங்கே வந்தேன். கூடவே வந்தவை இசைத்தட்டுகளும் அவற்றைச் சுழற்றும் பிளேயரும். பிளேயரை நடுச்சுவரில் பதித்த கல் பலகையில் வைத்தேன். வீட்டில் ஆடாமல் சமமட்டமாக இருந்த இடம் அது ஒன்றுதான். காது கொஞ்சம் மந்தம் என்பதால் பாட்டைச் சத்தமாகத்தான் வைப்பேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர். காலையில் அது ஓடும்போது என் ஒலிபெருக்கியில் ஓர் உறுமல் எழும்பும். சில நேரம் ஊசி துள்ளி ஒரு வரியைத் தாண்டிவிடும். நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா என்று ஒருமுறை கேட்டேன். காலையில் அரைத்தால்தான் சாயங்காலம் பொங்கும், ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சலாகவே சொன்னார். அவருடைய கணவர் சுரங்கத்தில் வேலை செய்தவர். நெஞ்சு முழுக்கக் கல்தூசி. பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவரை விட்டு வெளியே வேலைக்குப் போக முடியாமல்தான் அந்த அம்மா வீட்டிலேயே மாவு அரைத்து விற்றார். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தின் நடுக்கம் மற்றொன்றுக்குப் போகாதபடி அடியில் ஸ்பிரிங் வைப்பது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. என் பிளேயருக்கு அடியில் அதையே செய்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அதிர்வை உண்டாக்குகிறவர்தான் அதை அடக்க வேண்டும், நான் ஏன் என்று இருந்துவிட்டேன்.

மனுவைப் பார்த்து வந்த அதிகாரி வெளியூர்க்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இந்த ஊரில் பிறந்த யாரும் அதைப் பார்த்து ஏமாந்திருக்க மாட்டார்கள். சுரங்கம் ஓடிய நாட்களில் அடியில் பாறை நொறுங்கும்போதெல்லாம் மேலே வீடுகள் குலுங்கும். விரிசல் இல்லாத சுவர் இங்கே கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டு போனார். மறுவாரம் கிரைண்டருக்கான மின் இணைப்பை வெட்டினார்கள்.

டீக்கடையில், வேலைக்குப் போகும் வழியில் நின்ற எதிர் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல், கிளாஸைப் பார்த்துச் சொன்னார்:

"நம்ம லைன்ல எல்லா செவுரும்தான் விரிசல் வுட்டுக் கீது. எல்லா வூட்லயுமா கிரைண்டர் ஓடுச்சு?"

யாரோ சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த அம்மா விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போக ஆரம்பித்தார். அங்கே அடுக்குமாடி வீடுகளில் சமையல் வேலை. திரும்பி வர இருட்டிவிடும். பகல் முழுக்க அவருடைய கணவர் தனியாகக் கிடந்தார்.

கிரைண்டர் நின்ற பிறகும் என் உறுமல் முழுதாக ஓயவில்லை. தேடிப் பார்த்ததில், அதே சுவரை ஒட்டி நின்ற என் சொந்தக் குளிர்சாதனப் பெட்டிக்கும் அதில் பங்கு இருந்தது. பொறியாளன் கண்ணில் அத்தனை நாள் அது படவில்லை. அப்போதுதான் நான்கு ஸ்பிரிங் கால்களை வரவழைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு சின்ன உலோகக் கிண்ணம். உள்ளே ஏழு குட்டி ஸ்பிரிங்குகள். மேலே வைக்கும் எடைக்குத் தக்கபடி எண்ணிக்கையைக் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்பிரிங் பாதியளவு அமுங்கி நிற்க வேண்டும். மோட்டார் இருக்கும் பக்கம் கனம் என்பதால் அங்கே ஆறு, மற்ற பக்கம் நான்கு என்று வைத்து, ரசமட்டத்தால் சமம் பார்த்து முடித்தேன். விரலால் தொட்டால் பிளேயர் தண்ணீரில் மிதப்பதுபோல் மெல்ல ஆடி நின்றது. இசைத்தட்டை ஓடவிட்டுச் சுவரில் கை முட்டியால் ஓங்கித் தட்டிப் பார்த்தேன். ஊசி அசையவில்லை. எனக்கு வெகு திருப்தியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா வாசலில் வந்து நின்றார். மனு கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"பகல்ல லைன்ல ஆம்பள ஆளு நீங்க ஒர்த்தர்தான் சார் கீறீங்க. அவருக்கு எதுனா ஆச்சுன்னா செவுத்த தட்டச் சொல்லிக் கீறேன். கேட்டா ஒரு எட்டு பாருங்க."

பார்த்துக்கொள்கிறேன், கவலைப்படாமல் போய்வாருங்கள் என்றேன். முதல் சில நாட்கள் நானே போய் எட்டிப் பார்த்தேன். அவர் படுத்தபடியே கையை உயர்த்துவார். பிறகு, தட்டினால் போகலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் பிற்பகல் முழுக்க இசைத்தட்டுகள் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் தட்டியிருக்கிறார். முதலில் கையால், பிறகு பித்தளை டம்ளரால். யாரும் வரவில்லை என்று கட்டிலிலிருந்து தானே இறங்கியவர் விழுந்திருக்கிறார். சாயங்கால ரயிலில் வந்த மனைவிதான் அவரைத் தரையில் கண்டார். மூச்சு இருந்தது. என்னையும் எதிர் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார். மூன்று பேருமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். வழியில் அந்த அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"தட்டினாராம் சார்."

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீடு திரும்பவில்லை.

எனக்குக் காது மந்தம், பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டல் என் காதுக்கு எட்டாதது உண்மைதான். ஆனால் ஸ்பிரிங் இல்லாத நாட்களாக இருந்தால் டம்ளர் சுவரில் பட்ட முதல் அடியிலேயே ஊசி துள்ளியிருக்கும். நான் எழுந்து போயிருப்பேன், சண்டை போடவாவது. இதை நான் எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். விடை மாறவில்லை.

காரியம் முடிந்ததும் நகரசபைக்குப் போய் இரண்டாவது மனு கொடுத்தேன். விரிசல் பழையது, நான் எழுதியது பொய் என்று என் கையெழுத்திலேயே எழுதினேன். அதே அதிகாரி அதை இரண்டு முறை படித்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். பல நடை நடந்தேன். கடைசியில் இணைப்பைத் திரும்பக் கொடுத்தார்கள். டீக்கடையிலும் எல்லார் முன்னாலும் சொன்னேன். எதிர் வீட்டுக்காரர் "இப்ப சொல்லி இன்னா சார்" என்றதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

பக்கத்து ஊரான பங்காருபேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் பழைய ஸ்கூட்டர் ஸ்பிரிங்குகள் வாங்கினேன். அரிசி, உளுந்து, தண்ணீர் எல்லாம் சேர்ந்து கிரைண்டரின் எடை எவ்வளவு வரும் என்று கணக்கிட்டு, தகடு வெட்டி, நான்கு கால்கள் செய்தேன். இனி யாரும் அதிர்வு என்று புகார் சொல்ல முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை எடுத்துக்கொண்டு போய், எப்படிப் பொருத்துவது என்று விளக்கினேன். அந்த அம்மா ஒரு ஸ்பிரிங் காலைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தார்.

"இத்த அப்பவே உங்க பாட்டுப் பொட்டிக்கு அடியில வெச்சிருக்கலாமே சார்."

"வெச்சிருக்கலாம்மா" என்றேன்.

"அவரோட இருக்கத்தான் சார் நான் மாவு அரைச்சேன். இனிமே வூட்ல யார் கீறாங்க?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். துணி துவைக்க வேண்டும் என்று சொல்லிப் பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் கால்களை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது அவர் ரயிலுக்குப் போயிருந்தார். நான்கு கால்களும் ஓர் அரிசிச் சாக்கில் கட்டி என் வாசலில் இருந்தன.