சைலன்சரை அறுத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்

ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். நாற்பது வயது, நல்ல மனிதர், கைராசிக்காரர் என்று பேர். போன மாதம் தம்முடைய காருக்குப் பின்னால் என்னவோ செய்துகொண்டு வந்துவிட்டார். அதிலிருந்து காலை ஒன்பது மணிக்கு எங்கள் தெருவில் யாரும் யாரோடும் பேச முடிவதில்லை. கார் கிளம்பினால் எங்கள் சமையலறையில் தட்டுகள் நடுங்குகின்றன. கேட்டைத் தாண்டியதும் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்துக் காலை எடுக்கிறார். டப் டப் டப் என்று மூன்று வெடி. வயிறு கெட்டுப்போன எருமைகூட இதைவிட அடக்கமாக நடந்துகொள்ளும். நோயாளியின் வாய்க்குள் மெஷினை விட்டு, "சத்தத்துக்குப் பயப்படாதீங்க" என்று சொல்கிற தொழில் செய்பவர்!

நேற்று கேட்டேவிட்டேன். "ஏனுங்க டாக்டர், வண்டியில ஏதாச்சும் ஒடஞ்சு போச்சுங்களா?"

அவருக்கு முகமெல்லாம் பல். கர்வம் பிடித்தவர்களுக்குக் கிண்டல் உறைக்காது. அது ஒரு வசதி. "இல்லீங்க சார், எக்ஸாஸ்ட் மாத்தியிருக்கறேன். கோயமுத்தூர் வரைக்கும் போயி செஞ்சுட்டு வந்தனுங்க. இப்பத்தான் வண்டிக்கு ஒரு கெத்து வந்திருக்குது" என்றார். பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான்கு குழாய்கள். அதில் இரண்டு சும்மா அழகுக்கு ஒட்டியவை, புகை வராது. அதையும் அவரே பெருமையாகச் சொன்னார். குனிந்து பார்த்தேன். சுட்ட இரும்பும் எரிந்தும் எரியாத பெட்ரோலும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. அதற்குமேல் அவரைக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. வெளியில் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நாமக்கல்லில் ஒரு கோழித் தீவனக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. பிரதிநிதி என்ற வார்த்தையே என்னை ஓர் அங்குலம் உயர்த்தியிருந்தது. பண்ணை பண்ணையாகப் போய்த் தீவனம் விற்பதோடு, பண்ணைக்காரர்களுக்குப் புத்திமதியும் சொல்வேன். கோழிகளுக்குப் பழகிய சத்தம் ஒன்றும் செய்யாது, திடீர்ச் சத்தம்தான் ஆகாது. கோழிக்கொட்டாய்ப் பக்கம் ஆரன் அடிக்காதீர்கள், தீபாவளிக்கு வெடி வேண்டாம், உள்ளே நுழையும் முன் கதவைத் தட்டிக் குரல் கொடுங்கள், ஒரு ரேடியோவை எந்நேரமும் பாடவிடுங்கள். என் அப்பா வயதுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். எவ்வளவு அழகாகப் பேசியிருக்கிறேன், இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வருடம் ஒரு பழைய கார் வாங்கினேன். சிவப்பு நிறம், சின்ன உருவம், நாலு கை மாறி வந்தது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. குறை சொல்லாமல் ஓடுகிற எதையும் மனிதன் சும்மா விடுவானா? திருச்செங்கோடு ரோட்டில் லாரிகளுக்கு சைலன்சர் வேலை பார்க்கும் செல்வராசுவிடம் ஒரு சின்ன ஓட்டை அடைக்கப் போனேன். அவன் பானட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஏனுங் சார், இது காருங்களா, தையல் மிசினுங்களா?" என்றான்.

சுருக்கென்று தைத்துவிட்டது. பொழுதெல்லாம் லாரிக்கு நடுவே நிற்பவனுக்கு எந்தக் கார்தான் தையல் மிசினாகத் தெரியாது? அந்த யோசனை எனக்கு வரவில்லை. "என்ன பண்ணலாம்?" என்றுதான் வாயில் வந்தது. மத்தியானத்துக்குள் செல்வராசு சைலன்சரை அறுத்து எறிந்துவிட்டான். பானை மாதிரி இருந்த அதற்குள் சத்தத்தை விழுங்குவதற்கென்று தகடு தகடாக வைத்திருந்தார்கள். அத்தனையும் போய், அந்த இடத்தில் ஒரு வெறும் குழாய் பற்றவைக்கப்பட்டது. "மிதிச்சுட்டு டக்குனு காலெடுங்க" என்றான். எடுத்தேன். படார்! பக்கத்து டீக்கடையில் ஒரு பெரியவர் கிளாஸைக் கீழே போட்டார். நானும் செல்வராசுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எஞ்சினுக்கு ஒரு மயிரளவு பலமும் கூடவில்லை, பெட்ரோல்தான் கூடக் குடித்தது. ஆனாலும் நான் பெரிய ஆளாகிவிட்டேன்.

பெரிய ஆளானதும் அதை யாருக்காவது காட்டவேண்டுமே. அக்கா நினைப்பு வந்தது.

அக்காவை நாமகிரிப்பேட்டைப் பக்கம் கொடுத்திருந்தது. மச்சான் லாரி டிரைவர். நாக்பூர் லைன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அவர்களுடைய மூத்த பெண், அப்பா வந்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று போய் ஒளிந்துகொள்வாள். அந்த ஒரு விஷயம்தான் அக்காவை அறுத்தது. வீட்டுக்குப் பின்னால் கொட்டாய் போட்டுக் குஞ்சு இறக்கினாள். முதல் முறை. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டைக்கு வந்துவிட்டால் மச்சான் லாரியை விட்டு இறங்கிவிடுவார் என்பது பேச்சு. லாரி முதலாளியிடமும் சொல்லியாகிவிட்டது, இந்த நடைதான் கடைசி என்று.

அக்கா நான் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தாள். கொட்டாய்க்குள் போவதற்கென்றே ஒரே ஒரு நீலச் சேலை. வேறு நிறம் பார்த்தால் குஞ்சு மிரளும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். கதவை மூன்று தட்டுத் தட்டி, "வாரேன், வாரேன், நாந்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பாள். மாமியார் செத்தபோது சங்கு ஊதுகிறவரையும் மேளக்காரரையும் ரோட்டிலேயே நிறுத்தி, ஊதாமல் அடிக்காமல் அனுப்பிவைத்தாள். ஊரே பேசியது. "பேசுனாப் பேசிட்டுப் போகுது சாமி" என்றாள்.

அந்த வீட்டுக்குத்தான் நான் அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். சாயந்திரம் நாலு மணி. தம்பி வருவது தூரத்திலேயே கேட்கவேண்டும் என்று ஆசை. மண்பாதை திரும்பியதும், கொட்டாயின் பக்கவாட்டில், மிதித்துக் காலை எடுத்தேன். படார். நன்றாக வந்தது என்று இன்னொரு தடவை எடுத்தேன்.

மழை கொட்டுகிற மாதிரி இறக்கைச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. அக்கா வீட்டுக்குள்ளிருந்து, "ஐயோ சாமி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவள் கதவைத் தட்டாமல் கொட்டாய்க்குள் போனதை அன்றுதான் பார்த்தேன்.

தரையில் விட்டு வளர்க்கும் குஞ்சுகள் மிரண்டால் ஒரே மூலைக்கு ஓடும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரியும். மேலே இருப்பது பிழைக்கும், அடியில் இருப்பது மூச்சுமுட்டிச் சாகும். இதையும் நான் எத்தனையோ பண்ணைகளில் வகுப்பெடுத்திருக்கிறேன். இரண்டு பேரும் மூலையில் குவிந்ததை வாரி வாரி எறிந்தோம். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தேன். தரையில் பரப்பிய கடலைத்தொலியும் எச்சமும் புழுங்கிய நெடி கண்ணைக் கரித்தது. அடிக்குப் போகப் போக ஒன்றும் அசையவில்லை. எல்லாம் சூடாகத்தான் இருந்தன, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தோம். அக்கா மண்ணைத் தள்ளி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நாய் பூந்துருச்சுன்னு சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத. அவரு கோவத்துல உன்னய இந்த ஊட்டுப் பக்கமே சேத்த மாட்டாரு."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும் அல்லவா? சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. காரை ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அப்புறம்தான் கிளப்பினேன். மறுநாளே செல்வராசுவிடம் போய்ப் பழைய சைலன்சரைக் கேட்டேன். "அத அன்னைக்கே காயலாங்கடைக்குப் போட்டுட்டனுங்களே" என்றான். வேறொன்று கிடைக்கும்வரை மூன்று வாரம், பண்ணைகளுக்கு ஒரு பர்லாங்குக்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டு வெயிலில் நடந்தேன். பண்ணைக்காரர்கள், "சார் எவ்வளவு பொறுப்புப் பாத்தீங்களா" என்று மெச்சினார்கள். நானும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

மச்சான் கடைசி நடை முடிந்து வந்தபோது நான் அங்கே இருந்தேன். பிழைத்த குஞ்சுகள் ஈ பறந்தாலும் மூலைக்கு ஓடின. தீவனம் எடுக்கவில்லை, தேறவில்லை. "ஒரு கதவ ஒழுங்காச் சாத்தத் தெரியாதாடி உனக்கு? நாய் பூர்ற அளவுக்கு என்ன கெனாக் கண்டுட்டு இருந்த?" என்று மச்சான் கத்தினார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் பேப்பர் படித்தேன். ஒரே பக்கத்தைப் படித்தேன். அடுத்த வாரம் மச்சான் மறுபடியும் நாக்பூர் லைனில் ஏறினார். அப்புறம் இறங்கவில்லை, இருபத்திரண்டு வருடம்.

மனிதர் மோசமானவர் இல்லை. ஆனால் பால் பொங்கி வழிந்தால், சாவி காணாமல் போனால், "கோழிக்கொட்டாயத் தொறந்து போட்டவ தானே" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பிள்ளைகளும் சிரிப்பார்கள். பெண் கல்யாணத்தின்போது சம்பந்தி வீட்டார் முன்னாலும் சொன்னார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று சொல்லலாம்தான், ஆனால் பொய். இரண்டு தடவை பாயசம் வாங்கினேன்.

டாக்டரின் குழாயை மோந்துவிட்டு வந்த நேற்று, மனசு கேட்காமல் மத்தியானம் நாமகிரிப்பேட்டைக்குப் போனேன். கொட்டாய் இருந்த இடத்தில் இப்போது வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். மச்சான் வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை வருடம் லாரி எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டியதில் காது இரண்டும் போய்விட்டது. மிஷின் வாங்கிக் கொடுத்தும் மாட்டுவதில்லை. யார் எது பேசினாலும் வாயைப் பார்த்துச் சிரித்து, "ஆமா, ஆமா" என்பார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "மச்சான், அன்னிக்கு நாய் பூருலீங்க. நான் கார்ல வந்து வெடிக்க உட்டேன். அதுலதான் அத்தன குஞ்சு செத்துது. அக்கா மேல ஒரு தப்பும் இல்லீங்க" என்றேன். சாதாரணக் குரலில், காபி கேட்கிற மாதிரி.

அவர் என் வாயையே பார்த்தார். முகம் மலர்ந்து, "ஆமா மாப்ள, ஆமா, நல்ல வெய்யிலு" என்றார்.

அக்கா எனக்குப் பின்னால் காபியோடு நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. டம்ளரைக் கையில் கொடுத்தாள். என்னைப் பார்க்காமல், அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சொல்றதுன்னா சத்தமாச் சொல்லு சாமி. இல்லாட்டிச் சொல்லாத."

நான் காபியைக் குடித்தேன்.